ஓர் எலும்பு முறிய, ஓர் எலும்பு நழுவ: மான்டெஜியா காயத்தின் வரலாறு

முன்கைக்குள் இரண்டு நீண்ட எலும்புகள் இருக்கின்றன. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா, கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். முழங்கையை மடக்கவும் நீட்டவும் அல்னா போதும். உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவதற்கு ரேடியஸ் அல்னாவைச் சுற்றிச் சுழல வேண்டும். அதற்கு வசதியாக ரேடியஸின் மேல்முனை உருண்டையான தலையாக அமைந்து, மேற்கை எலும்பின் வெளிப்புறக் குமிழுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. வளையநார் என்ற பட்டை அந்தத் தலையைச் சுற்றி வந்து அதை அல்னாவோடு கட்டி வைக்கிறது. இரு எலும்புகளுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வலுவான சவ்வு ஓடுகிறது. மேலும் கீழும் நடுவிலும் இப்படிப் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று முறிந்து வளைந்தாலோ குட்டையானாலோ மற்றது சும்மா இருக்க முடியாது. ஒன்று அதுவும் முறியும், இல்லையென்றால் மூட்டிலிருந்து நழுவும்.

அல்னா முறிந்து, ரேடியஸின் தலை முழங்கையில் இடம்விட்டு விலகும் காயத்துக்கு மான்டெஜியா முறிவு என்று பெயர். குழந்தைகளின் முன்கை முறிவுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இந்த வகை. பெரும்பாலும் 4 வயதுக்கும் 10 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள், விளையாடும்போது கையை ஊன்றி விழுந்து இந்தக் காயத்தோடு வருகிறார்கள். அரிய காயமாக இருந்தும் எலும்பு மருத்துவத்தில் இதைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். முறிவு வெளியே தெரியும், விலகல் வீக்கத்துக்குள் மறைந்துகொள்ளும் என்பதே அதற்குக் காரணம். கண்ணில் பட்ட முறிவுக்குக் கட்டுப்போட்டு அனுப்பிய பிள்ளையின் கை, சில வாரம் கழித்து முழங்கை மடிப்பில் ஒரு முண்டோடு திரும்பி வருவது இருநூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது.

அந்த முண்டை முதலில் புரிந்துகொண்டு எழுதியவர் ஜோவன்னி பத்திஸ்தா மான்டெஜியா. வட இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரையில் உள்ள லவேனோவில் 1762இல் பிறந்தவர். மிலான் நகரின் ஒஸ்பதாலே மஜ்ஜோரே மருத்துவமனையில் பயின்று, அங்கேயே அறுவை மருத்துவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா 1456இல் ஏழைகளுக்காக நிறுவிய பெரிய மருத்துவமனை அது. அதன் வார்டுகளில் கிடைத்த அனுபவத்தைத்தான் மான்டெஜியா அறுவை மருத்துவம் பற்றிய தம் பல தொகுதி நூலில் தொகுத்தார். அதன் இரண்டாம் பதிப்பில், 1814இல் வெளிவந்த பகுதியில்தான் இந்தக் காயம் இடம்பெறுகிறது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

அவர் எழுதியது வெற்றிக் கதை அன்று. ஒரு சிறுமி அவரிடம் வந்தாள். அல்னாவின் மேல் மூன்றில் ஒரு பகுதி முறிந்திருப்பதாக அவருக்குப் பட்டது. கையை நேராக்கிக் கட்டுப்போட்டார். கை சரியாகிவிட்டதுபோலத்தான் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது முழங்கையின் முன்புறம் கெட்டியாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. தடவிப் பார்த்ததில் அது ரேடியஸின் தலை என்று தெரிந்தது. அழுத்தினால் உள்ளே போயிற்று, விட்டதும் மறுபடி வெளியே வந்தது. அழுத்துக்கட்டுகளை மாற்றிமாற்றிப் போட்டுப் பார்த்தும் அது நிற்கவில்லை. இந்தத் தோல்வியை அவர் வருத்தத்தோடு, ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பு, விரல் நுனிகளை மட்டும் நம்பி, முறிவும் விலகலும் சேர்ந்த ஒரே காயம் இது என்று கண்டறிந்தது பெரிய சாதனை. தலை ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடியதுதான் இந்தச் சிகிச்சையின் பிற்கால வரலாறு முழுவதும்.

அடுத்த எண்பது ஆண்டுகளில் மருத்துவத்தின் மற்ற பகுதிகள் வேகமாக மாறின. 1846இல் ஈதர் மயக்க மருந்து வந்தது. 1852இல் டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் பாரிஸ் சாந்து தோய்த்த துணிச்சுருளால் மாவுக்கட்டு போடும் முறையை வெளியிட்டார். 1867இல் லிஸ்டரின் கிருமிநீக்க முறை பரவத் தொடங்கியது. ஆனால் மான்டெஜியாவின் சிறுமி போன்ற பிள்ளைகளுக்கு இவற்றால் பெரிய பலன் எதுவும் கிடைக்கவில்லை. மாவுக்கட்டு உறுதியாக இருந்தது, அதற்குள் எலும்பு எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. 1895 நவம்பரில் ரோன்ட்கென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகுதான் விலகலைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் இந்தக் காயம் பலமுறை அடையாளம் காணப்பட்டது. 1909இல் பெரேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் மான்டெஜியாவின் பெயரை இதற்குச் சூட்டினார்.

கண்ணால் பார்க்க முடிந்ததும் கத்தியை எடுக்கும் துணிவும் வந்தது. தலை விலகியிருக்கிறது, அதை உள்ளே தள்ளினால் நிற்கவில்லை, ஆகவே கோளாறு தலையிலும் அதைக் கட்டும் வளையநாரிலும்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். முழங்கையைத் திறந்து தலையை உள்ளே வைத்து நாரைத் தைத்துப் பார்த்தார்கள். அதுவும் தோற்ற பழைய காயங்களில் தலையையே வெட்டி எடுத்துவிட்டார்கள். வளர்ந்தவர்களுக்கு அது ஓரளவு வலியைக் குறைத்தது. குழந்தைகளுக்குச் செய்தபோது வேறு கேடு விளைந்தது. ரேடியஸின் மேல்முனையில் வளர்ச்சித்தட்டு இருக்கிறது. அது போனதும் ரேடியஸ் குட்டையாகவே நின்றுவிட, முழங்கை வெளிப்புறமாகக் கோணியது, மணிக்கட்டில் அல்னா நீண்டு துருத்தியது. வளரும் பிள்ளைக்கு ரேடியஸின் தலையை எடுக்கக் கூடாது என்ற விதி இப்படிப் பல கைகள் கோணலான பிறகு வந்தது. அந்த விதி இன்றும் மாறவில்லை.

வழி வேறு பக்கம் இருக்கிறது என்பதற்கு ஒரு முன்னறிகுறி அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள மெரிடியன் என்ற நகரிலிருந்து வந்தது. 1936இல் அங்கே லெஸ்லி ரஷ், லௌரி ரஷ் என்ற சகோதர மருத்துவர்களிடம் ஒரு நோயாளி வந்தார். தோலைக் கிழித்துக்கொண்டு அல்னாவின் மேல்பகுதி நொறுங்கியிருந்தது, ரேடியஸின் தலை விலகியிருந்தது. அவர்கள் மூட்டோடு மல்லுக்கட்டாமல், ஸ்டைன்மன் கம்பி ஒன்றை அல்னாவின் மஜ்ஜைக் குழாய்க்குள் நீளவாக்கில் செலுத்தி எலும்பை நேராக நிறுத்தினார்கள். 1937இல் இதை வெளியிட்டார்கள். பின்னாளில் உலகெங்கும் பயன்பட்ட ரஷ் கம்பி இந்த ஒரு முழங்கையிலிருந்து பிறந்தது. எலும்புக்குள் கம்பி செலுத்தும் முறையைத் தொடைஎலும்புக்குப் பெரிய அளவில் கொண்டுசென்ற ஜெர்மானியர் கூன்ட்ஷரின் பணி வெளிவந்தது இதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

ஆனால் அக்காலத்துப் பொதுக்கருத்து இன்னும் மூட்டின் பக்கமே சாய்ந்திருந்தது. டென்னசி மாநிலம் மெம்ஃபிஸில் உள்ள கேம்பெல் கிளினிக்கின் ஸ்பீடும் பாய்டும் 1940இல் வெளியிட்ட கட்டுரை நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது. அல்னாவைத் திறந்து உலோகத்தால் பிணைக்க வேண்டும், முழங்கையையும் திறந்து தசையுறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து வளையநாருக்குப் பதிலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். இந்த இரண்டையும் ஒரே கீறலில் செய்வதற்குப் பாய்டு வகுத்த வழியும் அதே ஆண்டில் வெளிவந்தது. பிரிட்டனில் வாட்சன் ஜோன்ஸ் 1940களில் எழுதிய முறிவு நூலில், இவ்வளவு சிக்கலும் இவ்வளவு தோல்வியும் நிறைந்த காயம் வேறு இல்லை என்ற தொனி தெரிகிறது. அவர்கள் கண்ட நோயாளிகளில் பெரும்பகுதி வளர்ந்தவர்கள். குழந்தைகளின் கை அதே விதிகளுக்கு உட்படுமா என்று யாரும் தனியாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கான தொடக்கம் 1949இல் மெர்வின் எவன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் சோதனையில் இருக்கிறது. பிணக்கைகளை எடுத்து, மேற்கை எலும்பை இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, முன்கையை உள்ளங்கை கீழ்நோக்கும் திசையில் மெல்ல மெல்ல முறுக்கினார். ஒரு கட்டத்தில் அல்னா முறிந்தது. மேலும் முறுக்க, ரேடியஸின் தலை முன்னால் வெளியே வந்தது. பிள்ளை விழும்போது கை தரையில் பதிந்துவிட, உடல் அதன்மேல் சுழல்கிறது. அந்த முறுக்கல்தான் காயத்தின் காரணம் என்று அவர் முடிவு செய்தார். காரணம் முறுக்கல் என்றால் மருந்து எதிர்முறுக்கல். உள்ளங்கையை முழுதாக மேல்நோக்கித் திருப்பினால் தலை உள்ளே போகும் என்றார், போயிற்று.

1971இல் டாம்ப்கின்ஸ் வேறு விளக்கம் தந்தார். முழங்கை அளவுமீறிப் பின்னால் வளையும்போது மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸ் இறுகி ரேடியஸை முன்னால் இழுத்துத் தலையை வெளியேற்றுகிறது, அதன்பின் உடல் எடை முழுவதும் அல்னா ஒன்றின்மேலேயே விழுந்து அது முறிகிறது என்பது அவர் கருத்து. முன்கையின் பின்புறம் நேராக அடிபடுவதால் வருவதும் உண்டு. மூன்றும் நடப்பதாகவே இன்று கருதப்படுகிறது. எந்தப் பிள்ளைக்கு எது நடந்தது என்பதை அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடமும் பதறிப்போன பெற்றோரிடமும் கேட்டு அறிவது எளிதல்ல. பைசெப்ஸ் பற்றிய குறிப்புதான் சிகிச்சைக்கு அதிகம் பயன்பட்டது. முழங்கையை நன்றாக மடக்கினால் அந்தத் தசை தளர்கிறது, தலையை வெளியே இழுக்கும் விசை அடங்குகிறது.

சிதறிக் கிடந்த இந்த அறிவை ஒழுங்குபடுத்தியவர் உருகுவே நாட்டின் ஹோசே லூயிஸ் பாடோ. மாண்டெவிடியோவில் 1941இல் தொடங்கிய எலும்பு மருத்துவ நிறுவனத்தின் தலைவர் அவர். 1958இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட நூல் 1962இல் ஆங்கிலத்தில் வந்தது. 1967இல் எழுதிய கட்டுரைதான் உலகம் முழுவதும் படிக்கப்பட்டது. ரேடியஸின் தலை எந்தத் திசையில் போகிறதோ அல்னாவின் முறிவும் அந்தத் திசையில்தான் வளைந்து நிற்கும் என்பதை அடிப்படையாக வைத்து அவர் நான்கு வகை பிரித்தார். தலை முன்னால் போவது முதல் வகை, பின்னால் போவது இரண்டாவது, வெளிப்பக்கம் போவது மூன்றாவது. தலை முன்னால் போவதோடு இரு எலும்புகளுமே முறிந்திருந்தால் நான்காவது. அவர் கணக்கில் முதல் வகை சுமார் 60 விழுக்காடு, மூன்றாவது 20, இரண்டாவது 15, நான்காவது 5. குழந்தைகளுக்கு முதலும் மூன்றாவதும்தான் பெரும்பாலும் வருகின்றன. இதே தன்மை கொண்ட வேறு சில காயங்களையும் அவர் ஒரே குடும்பத்தில் சேர்த்து, முறிவு என்று சொல்லாமல் மான்டெஜியா காயம் என்று சொன்னார். அந்தப் பெயர்மாற்றத்துக்குள் ஒரு சிந்தனை இருக்கிறது. முறிவும் விலகலும் இரண்டு நோய்கள் அல்ல, ஒரே விசை விட்டுச்சென்ற இரண்டு தடங்கள்.

இந்தப் பார்வை பலன் தந்தது. அல்னா எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தலையைப் பிடித்துவைத்திருக்கிறது என்றால், அல்னாவை முழு நீளத்துக்கு நேராக்கிவிட்டால் தலைக்கு வெளியே நிற்கக் காரணமே இருக்காது. மான்டெஜியாவின் சிறுமிக்கு வளையநாரோ அழுத்துக்கட்டோ காரணம் அல்ல, மேலே நேராகத் தெரிந்த அல்னா உள்ளே மீண்டும் வளைந்திருக்க வேண்டும் என்று இன்று ஊகிக்கலாம். கேம்பெல் கிளினிக்கின் பாய்டு, போல்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1969இல் 159 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டபோது, முழங்கையைத் திறப்பது பெரும்பாலும் தேவையில்லை, அல்னாவை உறுதியாகப் பிணைத்து ரேடியஸின் தலையை வெளியிலிருந்தே உள்ளே தள்ளினால் போதும் என்று எழுதினார். 29 ஆண்டுகளுக்கு முன்பு மூட்டைத் திறந்து நார் கட்டச் சொன்னவர், தம் நோயாளிகள் காட்டியதை ஏற்றுக்கொண்டு அச்சில் அதை மாற்றி எழுதியிருக்கிறார். இந்த வரலாற்றில் மதிக்கத்தக்க தருணம் அது.

குழந்தைகளின் எலும்பு வேறு என்பது 1970களில் தெளிவாயிற்று. பச்சைக் கொம்பை வளைத்தால் முழுதாக ஒடியாமல் ஒரு பக்கம் மட்டும் பிளந்து நிற்பதுபோல் பிள்ளைகளின் அல்னா முறிகிறது. இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. முறிவுக்கோடே இல்லாமல் எலும்பு வில்லாக வளைந்து அப்படியே நின்றுவிடுவது. 1974இல் ஸ்பென்ஸர் போர்டன் இதை விவரித்தபிறகுதான், முறிவே இல்லாமல் ரேடியஸின் தலை மட்டும் விலகியதாக நினைத்த பல பிள்ளைகளுக்கு உண்மையில் அல்னா வளைந்திருந்தது என்பது புரிந்தது. கனடாவின் வின்னிபெக்கில் மெர்வின் லெட்ஸும் உடனிருந்தோரும் 1985இல் குழந்தைகளுக்கென்றே வகுத்த பிரிவில் இந்த வில்வளைவுக்கும் பச்சைக்கொம்பு முறிவுக்கும் தனி இடம் தந்தார்கள். மெல்பர்னில் ஓல்னியும் மெனலாஸும் 1989இல் 102 குழந்தைகளின் விவரத்தைத் தந்தார்கள். அடிபட்ட உடனேயே கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கத்தியே இல்லாமல் நல்ல பலன் கிடைத்தது என்பதை இந்தக் காலத்து ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின.

அந்தக் கத்தியில்லாச் சிகிச்சை இப்படி நடக்கிறது. பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தபிறகு உதவியாளர் மேற்கையைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் முன்கையை நீளவாக்கில் இழுக்கிறார். அல்னாவின் கோணலை உள்ளங்கையால் அழுத்தி நேராக்குகிறார். வில்லாக வளைந்த எலும்பு என்றால் ஒரு நிமிடத்துக்கும் மேலாக, அழுத்தம் குறையாமல் அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிறகு முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலால் ரேடியஸின் தலையை அமுக்குகிறார். தலை இடத்தில் அமரும்போது விரலுக்கடியில் ஒரு சிறு துள்ளல் தெரியும். சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்து உறுதி செய்துகொண்டு, முதல் வகை என்றால் முழங்கையை 100 முதல் 110 பாகை வரை மடக்கி மாவுக்கட்டு போடுகிறார்கள். மூன்று வாரமாவது வாரம் ஒரு முறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வீக்கம் வடியும்போது கட்டு தளர்ந்து அல்னா மறுபடி கோணலாகலாம். கோணலானால் தலையும் மறுபடி வெளியேறும். மான்டெஜியாவின் சிறுமிக்கு ஒரு மாதம் கட்டுக்குள் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் அறுவைச் சிகிச்சை மீண்டும் வந்தது, இம்முறை மூட்டுக்கு அல்ல, அல்னாவுக்கு. முழுதாக ஒடிந்த அல்னாவை மாவுக்கட்டு மட்டும் நம்பி விடுவதில் இரண்டு ஆபத்துகள் இருந்தன. ஒன்று, எலும்பு நழுவுவது. மற்றது, வீங்கிய முழங்கையை 110 பாகைக்கு மடக்கி இறுக்கமாகக் கட்டும்போது ரத்த ஓட்டம் நின்றுபோவது. ஃபோல்க்மன் 1881இல் விவரித்த தசைச்சுருக்கம் என்ற ஊனம் அப்படித்தான் வருகிறது. விரல்கள் மடங்கியபடி வாழ்நாள் முழுதும் நின்றுவிடும். எலும்புக்குள் கம்பி இருந்தால் கையை அவ்வளவு மடக்கத் தேவையில்லை, கட்டையும் தளர்வாகப் போடலாம். பிரான்ஸின் நான்ஸி நகரில் மெத்தேசோ, லிஜியே, பிரேவோ ஆகியோர் 1970களின் இறுதியிலும் 1980களிலும் குழந்தைகளுக்கென்றே வளையும் மெல்லிய கம்பிகளை உருவாக்கினார்கள். முழங்கை முனையில் ஒரு சிறு துளை, அதன்வழி மஜ்ஜைக் குழாயில் கம்பி, வளர்ச்சித்தட்டுக்குச் சேதமில்லை, சில மாதத்தில் கம்பியை எடுத்துவிடலாம். ரஷ் சகோதரர்கள் 1936இல் அவசரத்துக்குச் செய்தது இப்போது குழந்தை மருத்துவத்தின் ஒழுங்கான முறையாயிற்று.

எந்தப் பிள்ளைக்குக் கட்டு, எந்தப் பிள்ளைக்குக் கம்பி என்ற கேள்விக்கு 1996இல் பாஸ்டனின் டேவிட் ரிங்கும் பீட்டர் வாட்டர்ஸும் தெளிவான வழி சொன்னார்கள். தலை எந்தத் திசையில் போயிற்று என்பதை வைத்து அல்ல, அல்னா எப்படி முறிந்திருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்றார்கள். வளைந்ததும் பச்சைக்கொம்பாகப் பிளந்ததும் மாவுக்கட்டில் நிற்கும். குறுக்காகவோ சிறிது சாய்வாகவோ முழுதாக ஒடிந்தது குட்டையாகாது, ஆனால் கோணும், அதற்குக் கம்பி. நீண்ட சாய்வாக ஒடிந்ததும் நொறுங்கியதும் குட்டையாகவே செய்யும். அவற்றுக்குப் பிளேட்டும் திருகாணிகளும். இந்த வழி எழுதப்பட்டபின் அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து 112 குழந்தைகளைப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. இந்த வழியைவிடக் குறைவான சிகிச்சை பெற்ற முழு முறிவுகளில்தான் தலை மறுபடி விலகியது.

அல்னாவை நேராக்கியும் தலை உள்ளே போகாத பிள்ளைகளும் உண்டு. கிழிந்த வளையநாரோ மூட்டு உறையோ தலைக்கும் மேற்கை எலும்புக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருக்கும். அப்போது மட்டும் முழங்கையின் வெளிப்புறத்தைத் திறந்து, சிக்கியதை எடுத்துவிட்டுத் தலையை உட்கார வைக்கிறார்கள். தலையை நிறுத்துவதற்காக மேற்கை எலும்பிலிருந்து ரேடியஸுக்குள் மூட்டின் குறுக்கே கம்பி குத்தும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அந்தக் கம்பி மூட்டுக்குள்ளேயே முறிந்து போன சங்கடங்களைக் கண்டபின் அது பெரிதும் கைவிடப்பட்டது.

காயத்தின்போதே ஒரு நரம்பும் அடிபடுவது உண்டு. ரேடியஸின் தலையைச் சுற்றிப் போகும் பின்னெலும்பிடை நரம்பு தசைவிளிம்பு ஒன்றுக்கடியில் நுழைகிறது. ஃப்ரோசே 1908இல் விவரித்த அந்த விளிம்பில்தான் நரம்பு நசுங்குகிறது என்பதை நியூயார்க்கின் மார்ட்டன் ஸ்பின்னர் 1960களில் விளக்கினார். பிள்ளை விரல்களையும் கட்டைவிரலையும் பின்னால் நீட்ட முடியாமல் தவிக்கும். பெற்றோருக்குக் கலக்கம் தரும் காட்சி அது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் நரம்பு தானே மீண்டுவிடுகிறது. நரம்பு அடிபட்டது காயத்தாலா சிகிச்சையாலா என்ற குழப்பம் வராமலிருக்க, கையைச் சரிசெய்வதற்கு முன்பே விரல்களை ஆட்டச்சொல்லிப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்று பாடநூல்கள் வற்புறுத்துகின்றன.

சிகிச்சை இவ்வளவு தெளிவான பிறகும் இந்தக் காயம் தவறவிடப்படுவது நிற்கவில்லை. முதல் நாளில் மூன்றில் ஒரு பங்கு வரை தவறியதாகக் கூறும் ஆய்வுகள் இருக்கின்றன. முன்கை முறிந்த பிள்ளைக்கு முன்கையை மட்டும் எக்ஸ்ரே எடுப்பது ஒரு காரணம். முழங்கை படத்தின் ஓரத்தில் சாய்ந்து விழும், அல்லது விழவே விழாது. இரண்டாவது காரணம், சிறு பிள்ளைகளின் முழங்கையில் பெரும்பகுதி குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. நார்வேயின் ஸ்டோரன் 1959இல் பயன்படுத்திய எளிய கோடு இன்றுவரை கைகொடுக்கிறது. ரேடியஸின் கழுத்து நடுவே ஒரு கோடு இழுத்தால், எந்தக் கோணத்தில் எடுத்த படமானாலும் அது மேற்கை எலும்பின் வெளிக்குமிழின் நடுவே போக வேண்டும். 1994இல் லிங்கனும் முபாரக்கும் அல்னாவுக்கும் ஒரு கோடு தந்தார்கள். பக்கவாட்டுப் படத்தில் அல்னாவின் பின்விளிம்பு ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். அது 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் எலும்பு வளைந்திருக்கிறது என்று பொருள். பென்சிலும் அளவுகோலும் போதும், ஒரு பிள்ளைக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை மிச்சமாகும்.

தென்னிந்தியாவில் தவறுவதற்கு வேறு ஒரு வழியும் இருந்துவருகிறது. கை முறிந்தால் புத்தூர் கட்டு போடுவதும் ஊரில் உள்ள நாட்டு வைத்தியரிடம் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். எளிய முறிவுகள் பல அந்தக் கட்டில் கூடிவிடுகின்றன, அதனால்தான் நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மான்டெஜியா காயத்திலும் அல்னா கூடிவிடும். எக்ஸ்ரே எடுக்காத இடத்தில் ரேடியஸின் தலை வெளியே நிற்பதைச் சொல்ல ஆள் இல்லை. பிள்ளைக்கு வலி போய்விடும், கையும் ஓரளவு மடங்கும். மாதங்கள் கழித்து, தோளைத் தொட முடியவில்லை, முழங்கையில் முண்டு தெரிகிறது, கை கோணுகிறது என்று வரும்போதுதான் விஷயம் வெளிப்படும். மருத்துவமனையில் முழங்கைக்கு எக்ஸ்ரே எடுக்காமல் மாவுக்கட்டு போட்டால் விளைவும் இதுவேதான். குற்றம் கட்டின் வகையில் இல்லை, பார்க்காமல் கட்டுவதில் இருக்கிறது.

இப்படித் தவறவிட்ட கைகளுக்கு முதல் நம்பகமான அறுவை 1965இல் பிரிட்டனின் பெல் டாஸ் வெளியிட்டது. மேற்கையின் பின்புறத் தசையான டிரைசெப்ஸின் நாணிலிருந்து நடுவே ஒரு நீண்ட பட்டையை உரித்தெடுப்பார். அதன் ஒரு முனை அல்னாவிலேயே ஒட்டியிருக்கும். மறுமுனையை ரேடியஸின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அல்னாவில் துளையிட்டுக் கட்டுவார். பிள்ளையின் சொந்த நாணிலிருந்தே புதிய வளையநார் பிறக்கும். லாயிட் ராபர்ட்ஸும் பக்னிலும் 1977இல் நாணின் வெளிப்புறப் பட்டையை எடுத்து இதைத் திருத்தினார்கள். அழகான அறுவைதான், ஆனாலும் சில கைகளில் தலை மறுபடி விலகியது, சிலவற்றில் இறுக்கிக் கட்டிய நார் ரேடியஸின் கழுத்தை நெரித்தது.

காரணம் மறுபடியும் அல்னாதான். வளைந்தபடி கூடிப்போன அல்னாவை அப்படியே விட்டு, நாரை மட்டும் புதிதாகக் கட்டினால், விலக்கும் விசை மாறாமல் இருக்கிறது. மார்செய்யின் பூயாலா 1978இல் அல்னாவின் மேல்பகுதியை அறுத்துத் திருத்தும் முறையை வெளியிட்டார். ஜப்பானின் ஹிராயாமா குழு 1987இல் அல்னாவை அறுத்து, நீட்டி, முன்பு வளைந்திருந்த திசைக்கு எதிராகச் சற்றே அளவுமீறி வளைத்து வைத்தது. நடுவே உள்ள சவ்வு அப்போது இறுகி ரேடியஸை உள்ளே இழுத்துவைத்துக்கொள்கிறது. ஜூரிக்கின் எக்ஸ்னர் 2001இல் இன்னும் ஒரு படி போய், அல்னாவை அறுத்தபின் வெளிச்சட்டம் பொருத்தி நாளுக்குச் சிறிதாக நீட்டி வளைத்து, முழங்கையைத் திறக்காமலே தலையை உள்ளே கொண்டுவந்தார். இன்று பெரும்பாலான மையங்கள் அல்னாவை அறுத்துத் திருத்துவதை முதன்மையாக வைத்து, நார் கட்டுவதைத் தேவைக்கேற்பச் சேர்க்கின்றன. நார் எப்போதும் வேண்டுமா என்பதில் மட்டும் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பழைய காயத்தைத் திருத்துவது எளிதல்ல என்பதையும் அதே மருத்துவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 1996இல் பாஸ்டனிலிருந்து ராட்ஜர்ஸ், வாட்டர்ஸ், ஹால் ஆகியோர் வெளியிட்ட ஏழு பிள்ளைகளின் விவரத்தில், சிக்கல்களின் எண்ணிக்கை பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட அதிகம். தலை மறுபடி விலகுவது, நரம்பு பாதிப்பு, கூடாத எலும்பு, திரும்ப மறுக்கும் முன்கை என எல்லாம் அதில் வருகின்றன. எப்போது செய்யலாம், எப்போது கைவைக்காமல் விடலாம் என்பதற்கு ஜப்பானின் நகமுரா குழு 2009இல் நீண்டகால முடிவுகளைத் தந்தது. 22 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 12 வயதுக்குள் அல்லது அடிபட்ட மூன்று ஆண்டுக்குள் செய்தவர்களுக்கு மூட்டு நன்றாக நின்றது என்று எழுதினார்கள். அதற்குமேல் போனால் விலகிய தலை எதிர்முனை இன்றி வளர்ந்து, குழிவிழ வேண்டிய இடத்தில் குவிந்துவிடுகிறது. அப்படி உருமாறிய தலையை உள்ளே வைத்தாலும் பொருந்தாது. எனவே எக்ஸ்ரேயோடு எம்ஆர்ஐ எடுத்து, தலையின் குழிவு இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தபிறகே பழைய மான்டெஜியா காயத்துக்கு அறுவையைத் திட்டமிடுகிறார்கள்.